நடு நாற்காலியில் பேஸ் இல்லை

முதல் அடி என்னுடையது. யாரும் என் வாயைப் பிடுங்க வேண்டாம், நானே சொல்லிவிடுகிறேன். விரித்த கையால் மாப்பிள்ளையின் வலக் காதில் ஓங்கி அறைந்தேன். அவருக்கு இருந்ததே அந்த ஒரு காதுதான்.

மாப்பிள்ளை என்றால் என் தங்கையின் கணவர். இடக் காது சின்ன வயதிலேயே சீழ் பிடித்துப் போய்விட்டது. மிச்சமிருந்த வலக் காதை நம்பித்தான் பிழைப்பு. அரங்குகளில் மைக் செட்டைச் சரிசெய்து கொடுப்பார். இரண்டு காது உள்ளவனுக்குக் கேட்காத இரைச்சல் அவருக்குக் கேட்கும். தங்கை அவரைத் திட்ட நினைத்தால் வலப் பக்கம் போய் நிற்க வேண்டும். அவர் மெல்லத் தலையைத் திருப்பிக்கொண்டு தப்பித்துவிடுவார். நான் தச்சன். காது விஷயத்தில் நான் ஞானசூன்யம் என்பது அவர் கட்சி.

அவர் வீட்டுப் பின்னறை பத்தடிக்குப் பதிமூன்றடி. அதற்குள் ஒரு புனல் வடிவ ஹார்ன் ஸ்பீக்கர் கட்டிவிட வேண்டும் என்று அவருக்குப் பைத்தியம் பிடித்தது, எனக்கும் தொற்றிக்கொண்டது. ஏழு வாரம் பிளைவுட்டை அறுத்து, வளைத்து, ஒட்டினேன். கழுத்து கைக்குட்டை அகலம், வாய் அலமாரி அகலம். கதவைக் கழற்றித்தான் உள்ளே கொண்டுபோனோம். மூலையில் நிறுத்தினால் இரண்டு சுவரும் ஹார்னோடு சேர்ந்துகொண்டு பேஸ் என்கிற அடித்தொனியைப் பெரிதாக்கும் என்றார். இனிமேல் நாம்தான் ஹார்னுக்குள் குடியிருக்க வேண்டும் என்று தங்கை முணுமுணுத்தாள்.

பிறகு நான்கு நாள் ஒலியைச் சரிபார்க்கும் வேலை. கேட்கிற இடம் அசையவே கூடாது என்பது அவர் சட்டம். அறையின் நட்டநடுவில் நாற்காலியைத் தரையோடு திருகாணி போட்டு இறுக்கி, அதில் உட்கார்ந்துகொண்டார். ஒலியைப் பெருக்கித் தரும் ஆம்ப் பின்சுவரோரம் இருந்ததால் நான் அங்கேயே நின்றேன். அடிமட்ட பேஸ் ஒன்றை ஒரே சீராக ஓடவிடுவேன். பேஸே வரவில்லை என்பார் அவர். எனக்கோ நெஞ்சுக்கூடு அதிரும். நான் சுவரை விட்டு நகரவில்லை, அவர் நாற்காலியை விட்டு எழவில்லை.

நான்காம் நாள் மத்தியானம், கழுத்து குறுகல், அறுத்து அகலப்படுத்த வேண்டும் என்றார். அறுத்தால் ஏழு வாரமும் பாழ். இருக்கிற ஒரு காதும் அவிந்துபோச்சா என்று கேட்டேன். மரத்தோடு மரமாகக் கிடப்பவனுக்குக் காதைப் பற்றி என்ன தெரியும் என்றார். எழுந்து ரம்பத்தை எடுத்து ஹார்னின் கழுத்தில் வைத்து ஒரு இழுப்பு இழுத்தார். எனக்குக் கண்மண் தெரியவில்லை. அப்போதுதான் அவர் காதில் அந்த அறை விட்டேன்.

எட்டு வருடமாக என்னிடம் மரியாதை குறையாமல் பேசியவர் திரும்பினார்.

“உன்னக் கொல்லாம விடமாட்டேன்டா.”

மரச்சுத்தியல் என் தோளில் இறங்கியது. எலும்பு முறிந்த சத்தம் எனக்கே கேட்டது. அடுத்தது வாயில் விழுந்து இரண்டு பல் போனது. நான் அவர் தலைமுடியைப் பிடித்து ஹார்னின் விளிம்பில் மோதினேன். ஒருமுறை இல்லை, மூன்றுமுறை. மூன்றாவது தடவை எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது, அதையும் சொல்லத்தானே வேண்டும். பாலிஷ் போடாத மரத்தில் ரத்தம் ஊறியது. ஓடிவந்து குறுக்கே விழுந்த தங்கைக்கு என் முழங்கை பட்டு உதடு கிழிந்தது. அதற்குப் பிறகும் நான் விடவில்லை. அவர் என் அடிவயிற்றில் எட்டி உதைத்தார். நான் போய் நாற்காலியின்மேல் விழுந்தேன்.

ஆம்ப் அணைந்துவிட்டது என்று நினைத்தேன். அப்படி ஓர் அமைதி. பயந்துபோய்ப் பின்சுவருக்கு உருண்டேன், நெஞ்சு அதிர்ந்தது. திரும்பவும் நாற்காலிக்குத் தவழ்ந்தேன், ஒலியைக் காணோம். அறை சின்னது. சுவரில் மோதித் திரும்பும் ஒலி ஓரத்தில் குவிந்து நடுவில் ஒன்றையொன்று அழித்துக்கொண்டிருக்கிறது. நான்கு நாளாக இரண்டு பேருமே பொய் சொல்லவில்லை. ஒரு நிமிடம் இடம் மாறி நின்று பார்த்திருந்தால் தீர்ந்திருக்கும். வெட்கத்தில் அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

“மாப்ள, நீ சொன்னதுதான் சரி. இந்த எடத்துல ஒண்ணுமே கேக்கல. நாற்காலிய நகத்துனாப் போதும்.”

அவர் பின்சுவர் ஜன்னலோரம் போய் நின்றிருந்தார். வலக் காதிலிருந்து ரத்தம் கழுத்தில் இறங்கிச் சட்டைக்குள் போய்க்கொண்டிருந்தது. ஜன்னல் கண்ணாடிகள் கடகடத்தன. சத்தம் தாங்காமல் தங்கை இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டு, அதை அணைத்துத் தொலை என்று கத்தினாள். அவர் அவள் பக்கம் திரும்பவில்லை. கண்ணாடியில் உள்ளங்கையை வைத்தார், எடுத்தார், மறுபடி வைத்தார்.

“கண்ணாடி அதிருது... இன்னும் ஓடுதுங்களா மச்சான்?”

தேவைக்கு மேல் உரக்கக் கேட்டார். ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.