நீலக் கோட்டுக்காரன் நடக்கிறான்

"கையை எடுடா அதுலேர்ந்து!"

லோர்னா போட்ட சத்தத்தில், கூடத்தில் தேநீர் குடித்துக்கொண்டிருந்த பாதி மூண்ட்டா ஊரும் திரும்பிப் பார்த்தது. அவள் தம்பி நெவிலைக் காலையில்தான் புதைத்துவிட்டு வந்திருந்தார்கள். நெவிலின் மகன் டேரன் பக்கத்து அறையில், ஒரு கையில் பாதி கடித்த இறைச்சிப் பேஸ்ட்டியும் இன்னொரு கையில் கம்ப்யூட்டர் வயருமாகக் குனிந்திருந்தான்.

"அத்தே, சாயங்காலம் நான் அடிலெய்டு திரும்பணும். இதை வண்டியில ஏத்திடறேன்."

"அணைக்க வேணாம்னு உங்கம்மா சொல்லியிருக்கா."

"அம்மா ஆயிரம் சொல்லுவாங்க. இது ஹேங் ஆகிக் கிடக்கு அத்தே. அப்பா போன அன்னிலேர்ந்து அதே படம். பாருங்க, இங்கயேதான் நிக்கறான்."

டேரன் திரையில் விரலை வைத்தே காட்டினான். பேஸ்ட்டியின் தக்காளி சாஸ், நீலக் கோட்டு போட்ட அந்தக் குட்டி மனிதனின் தொப்பிமேல் கச்சிதமாக அப்பிக்கொண்டது.

"அடிலெய்டுல இப்படித்தான் சாப்பிடுவாங்களா? போய்க் கையைக் கழுவு மொதல்ல."

அவனை விரட்டிவிட்டு, கையிலிருந்த தட்டை நெவிலின் நாற்காலியில் வைத்தாள். அது ஹேங்தான் என்று லோர்னாவுக்கும் தெரியும். ஆனால் கல்லறையில் மண்ணைப் போட்டுவிட்டுத் திரும்பும்போது, தம்பி மனைவி க்ளெனிஸ் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "அவன் போய்ச் சேர்ற வரைக்கும் யாரையும் தொட விடாதே" என்றிருந்தாள். எவன், எங்கே என்று லோர்னா கேட்கவில்லை. ஒன்றைக் கேட்காமல் விட்டது அவள் வாழ்க்கையிலேயே அதுதான் முதல் தடவை.

அந்தக் கம்ப்யூட்டர் விளையாட்டைப் பற்றி அவளுக்குத் தெரியாததா? வேலிக்கு அந்தப் பக்கம்தானே அவள் வீடு. தன் கல்யாணத்துக்கு முன்பே நெவில் வாங்கிய விளையாட்டு அது. கடலோரப் பாதை, அது பிரிகிற இடத்தில் ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் ஒரு வீடு, ஜன்னலில் விளக்கு. அவ்வளவுதான். பழைய கம்ப்யூட்டர் செத்துப் புதிது வந்ததும் விளையாட்டு திறக்கவே மாட்டேன் என்றது. டேரன் எதையோ போட்டு, தான் இன்னமும் பழைய கம்ப்யூட்டருக்குள்தான் இருப்பதாக அதை நம்பவைத்தான். நம்பியது. ஆனால் பேய் பிடித்த மாதிரி ஓடியது. தொட்ட மாத்திரத்தில் நீலக் கோட்டுக்காரன் பாறையிலிருந்து கடலில் விழுந்தான். அப்புறம் வேகத்தைக் கூட்ட ஒன்று, குறைக்க ஒன்று என்று இரண்டு பொத்தான்களை டேரன் காட்டிக்கொடுத்தான்.

பிறகு நெவிலுக்குக் கை நடுக்கம் வந்தது. விரல் பின்தங்கப் பின்தங்க, அவனும் விளையாட்டின் வேகத்தைக் குறைத்துக்கொண்டே வந்தான்.

"என்னடா, உன் ஆளுக்கும் மூட்டுவலியா?" என்பாள் லோர்னா, வேலிக்கு மேல் தலையை நீட்டி.

"அவனுக்கு அவசரமில்ல லோர்னா. நீ போய் அடுப்பைப் பாரு."

வியாழக்கிழமை அந்த நாற்காலியிலேயே, மவுஸ்மேல் வைத்த கையோடு போய்விட்டான். தூங்குகிறான் என்று க்ளெனிஸ் போர்வையைப் போர்த்திவிட்டுப் பட்டாணி உரிக்கப் போயிருக்கிறாள்.

சமையலறையில் தேவாலயத்துப் பெரில் கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருந்தாள். "நெவில் ரூம்ல கடிகாரம் என்னமோ சரியில்ல, லோர்னா. டக்குனு ஒரு சத்தம். நின்னுபோச்சு போலன்னு நான் மறந்தே போறேன், திரும்ப டக்குங்குது. பேட்டரி மாத்தச் சொல்லு."

"சொல்றேன்," என்றாள் லோர்னா. பாதி துடைத்த கோப்பையைக் கீழே வைத்தாள். அந்த அறையில் கடிகாரம் கிடையாது. கல்யாணத்துக்கு அவள் கொடுத்த கடிகாரத்தை அவர்கள் ஷெட்டில் பெயின்ட் டப்பாக்களுக்குப் பின்னால் ஒளித்துவைத்திருந்தது அவளுக்கு எப்போதோ தெரியும்.

அறைக்குள் போய்க் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தாள். சாஸ் காய்ந்து கறுத்திருந்தது. அதற்கடியில் தொப்பி இல்லை. தொப்பியும் தலையும் முதுகும் கறையைத் தாண்டி, பாதையில் தள்ளி இருந்தன.

டக்.

"டேரன்," என்று கூப்பிட்டாள். "வந்து உன் விரல் அடையாளத்தைப் பாரு."

டேரன் பார்த்தான். கதவைச் சாத்திவிட்டுத் தரையில் உட்கார்ந்துகொண்டான்.

"அந்த டக்கு அவன் காலடி அத்தே. அப்பா அவ்வளவு மெதுவா வெச்சிருக்காரு," என்றான் கடைசியில். "மவுஸால ஒரு இடத்தைத் தொட்டுட்டா போதும். அதுக்கப்புறம் நாம ஒண்ணும் பண்ண வேணாம், அங்க சேர்ற வரைக்கும் அவனே நடப்பான். அப்பா தொட்டுட்டுத்தான்..."

"எங்க தொட்டான்? பாறைப் பக்கமா, வீட்டுப் பக்கமா?"

"தெரியல."

நீலக் கோட்டுக்காரன் பாதை பிரிகிற இடத்துக்கு இன்னும் வரவில்லை.

"வேகத்தைக் கூட்டினா இப்பவே தெரிஞ்சிடும்." டேரன் அந்தப் பொத்தானுக்கு மேல் விரலை வைத்துக்கொண்டு அவளைப் பார்த்தான். "கூட்டட்டுமா?"

யார் வீட்டுக்கு எந்த வண்டி வந்தது, எப்போது போனது என்று தெரியாமல் தூங்காத லோர்னா, அந்த விரலையே பார்த்தாள்.

"வேணாம்," என்றாள். "அவனுக்கு அவசரமில்ல."

வந்தவர்கள் அவரவர் தட்டுகளை எடுத்துக்கொண்டு கிளம்பினார்கள். டேரன் வெறும் வண்டியோடு போனான். வெயில் இறங்கிய பிறகு க்ளெனிஸ் வந்து லோர்னாவின் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தாள். பாதை பிரியும் இடத்தில் அவன் வெகுநேரம் நின்ற மாதிரி இருந்தது. க்ளெனிஸின் தேநீர் ஆடை கட்டியது. பிறகு தொப்பி, ரொம்பக் கொஞ்சமாக, வீட்டுப் பக்கம் திரும்பியது.

டக்.

திரையிலிருந்த வீட்டின் வாசற்படியில் அவன் கால் பட்டபோது திரையின் வெளிச்சம் தவிர அறையில் வேறு வெளிச்சம் இல்லை. அவனுடைய வலது கை, கதவைத் தட்டுவதற்காக, கண்ணுக்கே தெரியாத அளவு மெதுவாக உயர ஆரம்பித்தது.

க்ளெனிஸ் எழுந்து நடைக்குப் போனாள். தெருவாசல் தாழ்ப்பாள் விலகும் சத்தம் கேட்டது.

லோர்னா திரும்பிப் பார்க்கவில்லை. நெவிலின் நாற்காலியில் வைத்திருந்த தட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, நாற்காலியில் கிடந்த பேஸ்ட்டித் துகள்களைப் புறங்கையால் தட்டிவிட்டாள்.