பஞ்சர் ஒட்டிய மிதவைகள்

ஐயாயிரத்து நானூறு. லாரி ட்யூப் ஒன்றுக்கு முந்நூறு வீதம் பதினெட்டு ட்யூப்புக்குக் காத்துக்காரர் கட்ட வேண்டிய பணம் அது. ஒரு பக்கம் ராட்டினங்கள், மறுபக்கம் தண்ணீர்ச் சறுக்குகள் என்றிருந்த பொழுதுபோக்குப் பூங்காவில், குளிக்க வருகிறவர்கள் மிதக்க ட்யூப்புக்குக் காற்றடித்துக் கொடுப்பது அவர் வேலை. சேர்ந்த புதிதில், நல்ல பேர் வாங்கும் ஆசையில் எல்லாவற்றையும் கல் மாதிரி அடித்து வெயிலில் அடுக்கிவிட்டார். உச்சிவெயில் ஏறியதும் டமால் டமாலென்று ஒன்றன்பின் ஒன்றாக வெடித்ததில், சறுக்கில் பாதி வழி வந்தவர்கள்கூட அலறிவிட்டார்கள்.

நஷ்டம் அவர் தலையில் விழுந்தது. மழைக்காலத்துக்குப் பூங்காவைப் பூட்டுமுன் கணக்குத் தீராவிட்டால், அடுத்த கோடைக்கு வேலைக்குக் கூப்பிட மாட்டார்கள். வாயையும் வயிற்றையும் கட்டித்தான் வீட்டு வாடகையே கொடுத்துக்கொண்டிருந்தார். சம்பளத்தில் பிடிக்க என்ன இருந்தது?

கெஞ்சிக் கூத்தாடியதில், பூங்காவின் சாமான்களுக்குக் கணக்கு வைத்திருந்த ஸ்டோர்க்காரர் கொஞ்சம் இறங்கிவந்தார். "பணம் இல்லேன்னா ட்யூப்ப சரி பண்ணிக் கொண்டா. காத்து நின்னா கணக்கு சரி."

காத்துக்காரருடைய மனைவியின் அண்ணன் பஞ்சர் கடை வைத்திருந்தார். ஏதோ சின்னப் பேச்சில் முறுக்கிக்கொண்டு இரண்டு வருஷமாக இருவருக்கும் பேச்சு இல்லை. காத்துக்காரர் வெட்கத்தை விட்டு அந்தக் கடையில் போய் நின்றார்.

"வாங்க மாப்ளே. வழி தப்பி வந்துட்டீங்களா?"

"ட்யூப் வெடிச்சிருச்சு மச்சான்."

"எத்தனை?"

"பதினெட்டு."

"என்ன மாப்ளே, ரயிலா ஓட்டுனீங்க?"

குத்தல் அதோடு சரி. அன்றிலிருந்து தினமும் கடையைச் சாத்தியதும் மச்சான் பூங்காவுக்கு வந்துவிடுவார். கிழிசலைத் தேய்த்து, பசை தடவி, ரப்பர்த் துண்டை வைத்துச் சூடு காட்டி ஒட்டுவார். கூலிப் பேச்சை எடுத்தால், "பேசாம இழுத்துப் பிடிங்க" என்று அதட்டுவார்.

பூங்காவைப் பூட்டுகிற நாள் வந்தது. ஸ்டோர்க்காரர் ஒவ்வொன்றாக அமுக்கிப் பார்த்து, இருப்பதிலேயே அதிக ஒட்டுப் போட்டதை உருவினார். ஆள் நல்ல கனம்.

"கண்ணால பார்த்தா போதாது. நானே உக்காந்து பாக்கறேன்."

சட்டையோடு, ட்யூப்பில் மிதந்தபடி சுற்றிவரும் வட்ட வாய்க்காலில் இறங்கி, ட்யூப்பில் பொத்தென்று உட்கார்ந்தார். அத்தனை வருஷத்தில் அவர் அந்தத் தண்ணீரில் கால் நனைத்ததில்லை. நீரோட்டம் அவரை மெல்ல இழுத்துப் போனது. கரையில் மச்சானோடு நின்ற காத்துக்காரர் காதைத் தீட்டிக்கொண்டார்.

"மச்சான், 'ஸ்ஸ்'னு கேக்குது."

"அது அவரு மூச்சு விடுறது. சும்மா இருங்க."

ஒரு சுற்று முடிந்தது. கை கொடுத்துத் தூக்கப் போனார்கள். "விடுங்கப்பா, இன்னும் சரியா பாக்கல" என்று ஸ்டோர்க்காரர் கண்ணை மூடிக்கொண்டு கடந்து போனார்.

காத்துக்காரருக்கு அப்போதுதான் மூச்சே வந்தது. மச்சானின் கையைப் பிடித்துக்கொண்டார். விரலெல்லாம் சூடு பட்ட தழும்பு.

"உங்களுக்கு நான் என்ன செய்யப்போறேன் மச்சான்?"

"ஞாயித்துக்கிழமை தங்கச்சியக் கூட்டிட்டு வீட்டுக்கு வாங்க. அவ குரலக் கேட்டு ரெண்டு வருஷமாச்சு."

"காலையிலேயே வந்துடறோம் மச்சான்."

மூன்றாவது சுற்றில் ஸ்டோர்க்காரர் தானாகவே கரையேறினார். சட்டையைப் பிழிந்தபடி சொன்னார்: "பதினெட்டும் நிக்குது. உன் பேர்ல இனி ஒரு காசு பாக்கியில்ல. கோடைக்கு வந்து சேரு."