அத்தான் பிழிந்த பச்சைச் சாறு

1

ஒரு பத்திரிகைக்காரர் கேட்டதால்தான் எழுத உட்கார்ந்தேன். அவர் கேட்டது கதையல்ல, கட்டுரை. பச்சைக் காய்கறிச் சாறு குடித்தால் நீரிழிவு உள்ள குழந்தைகளுக்குச் சர்க்கரை இறங்குமா? "கீரையிலும் வெள்ளரியிலும் நார்ச்சத்து அதிகம்; ஆனால் சாறெடுத்து வடிகட்டும்போது" என்று ஆரம்பித்தேன். அந்த வாக்கியம் இன்னும் அங்கேயே நிற்கிறது. வடிகட்டி என்றதும் என் அக்கா வீட்டுக்காரர் முகம் குறுக்கே வந்துவிட்டது. கட்டுரை போயே போயிற்று.

2

முதல் தொடக்கம்: "அந்தப் பிஞ்சு உடலுக்குள் ஒரு கொடிய நோய்..."

இதை அக்கா மகளுக்கு வாசித்துக் காட்டினேன். ஒன்பது வயது. வீட்டில் அவளை வாயாடி என்றுதான் கூப்பிடுவோம்.

"பிஞ்சா? நான் என்ன வெண்டைக்காயா சித்தி? அப்பா காதுல விழுந்தா என்னையும் சேத்து அரைச்சிடுவாரு."

அந்த வரியை அடித்துவிட்டேன்.

அவள் உடம்பில் இன்சுலின் சுரப்பதில்லை. சாப்பாட்டுக்கு முன்னால் ஊசி போட வேண்டும். போடுவது அத்தான். பிழைப்புக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். பயிற்சிக் காரில் அவர் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு. அந்தப் பழக்கத்தில், மகள் வீட்டுக்குள் ஓடினாலும் வலது கால் தரையை அழுத்தும். ஒவ்வொரு ஊசிக்கும் "மன்னிச்சுக்கோடா செல்லம்" என்பார்.

[இவரை ஒரு மூடராக எழுதினால் கதை சுலபமாக முடிந்துவிடும். எழுதியும் பார்த்தேன். பேனா ஒத்துழைக்கவில்லை.]

யாரோ பச்சைச் சாறு என்று சொன்னதும் அவர் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டதற்குக் காரணம் எனக்குத் தெரியும். வலிக்காமல் அவளுக்குக் கொடுக்க ஒன்று கிடைத்தது. கீரை, வெள்ளரி, பாகற்காய். சர்க்கரை இறங்கினால் சாற்றுக்குப் பாராட்டு. ஏறினால், "பாகற்காய் பத்தல." சர்க்கரை ஒரேயடியாக இறங்கிவிட்டால் கொடுக்கக் காரில் அவசரத்துக்கு இருந்த குளுக்கோஸ் டப்பாவை எடுத்துவிட்டு அங்கே சாறு பாட்டிலை வைத்தார்.

3

இனி நடந்தது.

அன்று பள்ளிக்கூடம் விடுமுறை. மதியம் ஊசி போட்டாயிற்று. ஆனால் ஒரு பெரிய தம்ளர் சாறு வயிற்றை அடைத்துக்கொண்டதால் வாயாடி பாதிச் சாப்பாட்டைத் தட்டிலேயே வைத்துவிட்டாள். அத்தான் கவனிக்கவில்லை. அவளைப் பின் சீட்டில் உட்கார வைத்துக்கொண்டு பாடம் நடத்தப் போனார். கற்றுக்கொள்ள வந்தவர் ஒரு பல் டாக்டரம்மா.

வழியில் வாயாடியின் பேச்சு நின்றது. அத்தான் சட்டென்று திரும்பினார். அவள் நெற்றியெல்லாம் வியர்வை, கையில் நடுக்கம்.

"ஓரங்கட்டுங்க!"

இறங்கிப் பின் சீட்டுக்கு ஓடினார். விரலில் குத்திப் பார்த்தால் மீட்டரில் சர்க்கரை ஐம்பத்திரண்டு; எழுபதுக்குக் கீழே போகவே கூடாது. பதற்றத்தில் கைக்கு அகப்பட்டது சாறு பாட்டில்.

"குடிடா."

"இதுல சக்கரை இல்லப்பா." நாக்கு குழறியது. "சக்கரை குடு."

[அந்த நொடியில் அத்தானின் முகம்: "இடிந்துபோனார்." இல்லை. "அவருடைய கண்கள்" வேண்டாம், விட்டுவிடுகிறேன்.]

"டாக்டரம்மா, பையில மிட்டாய் ஏதாச்சும் இருக்கா?"

"பல் டாக்டர் பையிலயா? குழந்தையப் பிடிச்சுக்குங்க, நான் ஓட்டறேன்."

அதுவரை இரண்டாவது கியரைத் தாண்டாதவர். முன்னால் பிரேக் மிதிக்கவும் ஆளில்லை. அத்தான் மகளை மடியில் சாய்த்துக்கொண்டு பின்னால் இருந்தார். வண்டி குலுங்கித் திமிறிப் போய், தெருமுனைக் கடை வாசலில் ஒரு சக்கரத்தை நடைபாதையில் ஏற்றி நின்றது. டாக்டரம்மாவே ஓடிப்போய் ஆரஞ்சு பானம் வாங்கி வந்தார். கால் மணி நேரத்தில் மீட்டர் தொண்ணூறு காட்டியது.

"ஆன்ட்டி, நீங்க இண்டிகேட்டரே போடல," என்றாள் வாயாடி.

அத்தான் அப்போதுதான் அழுதார்.

4

மறுநாள் குழந்தைகள் டாக்டரிடம் போனார்கள்.

"சாறை நிறுத்திடட்டுமா டாக்டர்?"

"எதுக்கு? காய்கறிதானே. சாப்பாட்டோட கொஞ்சம் குடிக்கட்டும். ஆனா ஊசி செய்யற வேலைய அது செய்யாது. சக்கரை விழும்போது தூக்கியும் விடாது. ஊசி போட்டப்புறம் அவ ஒழுங்கா சாப்பிட்டாளான்னு பாருங்க."

[கட்டுரை கேட்டவருக்கு: உங்களுக்கு வேண்டியது இவ்வளவுதான்.]

5

அன்று மாலை நான் சமையலறை வாசலில் நின்றிருந்தேன். வாயாடி மேடைமேல் உட்கார்ந்து காலாட்டிக்கொண்டிருந்தாள். அத்தான் வெள்ளரித் துண்டுகளை மிக்ஸியில் போட்டு மூடினார்.

"அப்பா மேல கோவமாடா?"

கேட்டுவிட்டு, பதிலுக்குப் பயந்தவர்போல மிக்ஸியை ஓடவிட்டார்.

அவள் அவர் தோளைப் பிடித்து இழுத்துக் காதில் என்னவோ சொன்னாள். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. பிறகு அவளிடமே கேட்டேன்.

"அது எனக்கும் அப்பாவுக்கும். நீ வேற ஏதாச்சும் எழுதிக்கோ சித்தி."

எழுதிப் பார்த்தேன். "இல்லப்பா" என்று ஒன்று. "கோவந்தான், ஆனா" என்று இன்னொன்று. இரண்டும் போதாது; அவள் சொன்னது நீளமானது. அதைச் சொல்லி முடிக்கும்வரை அத்தான் தலையாட்டிக்கொண்டே இருந்தார். உள்ளே வெள்ளரி தண்ணீராகவே ஆகிவிட்டது. மிக்ஸியை நிறுத்த அவருக்குத் தோன்றவில்லை.

அவள் சொன்னதை நீங்கள் எழுதுங்கள். இடம் விட்டிருக்கிறேன்.

"                                        "