மொழி அக்காவுக்கு, அர்த்தம் தம்பிக்கு

1

இந்தக் கதை எனக்குக் கிடைத்தது ஒரு கண் மருத்துவமனையில். கண்ணில் சொட்டு மருந்து விட்டு, பாவை விரியும் வரை உட்காரச் சொல்லியிருந்தார்கள். அந்த நேரத்தில் பேப்பர் படிக்க முடியாது, போனும் பார்க்க முடியாது. அதனால் எல்லோரும் வேறு வழியில்லாமல் பேசிக்கொண்டிருப்பார்கள். எனக்குப் பின்வரிசையில் ஒரு பெண்மணி தன் தோழியிடம் சொன்னார்:

"என் தம்பிதான் என்னை வகுப்புல இருந்து எடுத்தான். அவன் செஞ்சது சரின்னுதான் நானும் நினைக்கிறேன். அதான் தாங்க முடியல."

நர்ஸ் கூப்பிட்டார். பெண்மணி எழுந்து போய்விட்டார். தோழி அடுத்த நாற்காலிக்காரரிடம், "பாவம், பாஸ்டர்களுக்குப் படிப்பு சொல்லிக்கொடுக்கிற காலேஜ்ல எபிரேயம் எடுத்தவ" என்றார். நான் திரும்பிப் பார்த்தேன். என் கண்ணிலும் மருந்து. நீலமாக ஏதோ ஒன்று நகர்ந்து போவது மட்டும் தெரிந்தது. ஆகவே இதில் வரும் அக்காவின் முகம், வீடு, கோபம், சிரிப்பு எல்லாம் என் சரக்கு. அந்த மூன்று வாக்கியம் மட்டும் அவருடையது.

2

தொடக்கம், முதல் முயற்சி:

மழை பெய்துகொண்டிருந்தது. இறையியல் கல்லூரியின் நீண்ட தாழ்வாரத்தில் அவள் தன்னந்தனியாக

(வேண்டாம். "உங்க கதையில வர்ற பொம்பளைங்க எல்லாரும் நனைஞ்சுதான் வர்றாங்க, ஒரு குடை வாங்கிக் குடுங்க" என்று போன மாதம்தான் வார இதழ் ஆசிரியர் சொன்னார்.)

இரண்டாவது முயற்சி:

பாப்டிஸ்ட் இறையியல் கல்வியில் தாராளப் போக்குக்கும் பழமையை மீட்கும் சீர்திருத்தத்துக்கும் இடையே நிகழ்ந்த கருத்து மோதலானது

(யாராவது விழித்திருக்கிறீர்களா?)

ஆனால் இந்த இரண்டாவதில் உள்ள விஷயம் தெரியாமல் கதைக்குள் போக முடியாது. சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பாப்டிஸ்ட் சபையில் மேலிருந்து உத்தரவு போட பிஷப் கிடையாது. வயதுவந்து, தானாக நம்பி, தண்ணீரில் மூழ்கி எழுந்தவர்கள் கூடிக் கை தூக்கினால் அதுதான் முடிவு. இவர்களின் போதகர்கள் உருவாகும் கல்லூரியில் இரண்டு கட்சி. வேதம், அதாவது பைபிள், கடவுளுடையதுதான், ஆனால் அந்தந்தக் காலத்து மனிதக் கை வழியாக வந்தது, காலத்தை எடைபோட்டுத்தான் படிக்க வேண்டும் என்பது ஒன்று. அதில் பிழையே கிடையாது, எந்த வரியையும் ஒதுக்க நமக்கு உரிமை இல்லை என்பது மற்றொன்று. வெகுகாலம் முதல் கட்சியின் கையில் இருந்த கல்லூரியை, சபைகள் கை தூக்கி இரண்டாவது கட்சியிடம் கொடுத்தன.

மூன்றாவது முயற்சி:

அக்கா எபிரேயம் எடுத்தால் பக்கத்து அறையில் ஜன்னலைச் சாத்துவார்கள்.

இது நிற்கட்டும்.

3

அக்கா எபிரேயம் எடுத்தால் பக்கத்து அறையில் ஜன்னலைச் சாத்துவார்கள். தொண்டையின் அடியிலிருந்து வர வேண்டிய எழுத்து ஒன்று, பைபிளின் பழைய ஏற்பாடு எழுதப்பட்ட அந்த மொழியில் இருக்கிறது. புது மாணவர்கள் அதைப் பழகும்போது வகுப்பே வாய் கொப்பளிப்பது போலக் கேட்கும். "இன்னும் கீழ இருந்து வரட்டும். சளி வந்தாலும் பரவாயில்ல, எழுத்து வரணும்" என்பாள் அக்கா. பிறகு ஏதோ ஒரு நாளில், வலமிருந்து இடமாக விரல்கள் நகர, வகுப்பு முழுவதும் சங்கீதம் என்னும் வேதப் பாட்டு ஒன்றைத் தடுமாறாமல் வாசித்துவிடும். அன்று அவள் சாக்பீஸை வைத்துவிட்டு மேஜை ஓரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். அவளுக்குக் கல்யாணமும் குழந்தையும் எல்லாமும் அந்த ஒரு நாள்தான்.

அவளை வேலைக்கு எடுத்தவர் ஒரு தாராளக்காரர், அதாவது முதல் கட்சி. பழைய ஏற்பாட்டுத் துறைத் தலைவர். எதைக் கேட்டாலும் "ஒருவேளை" என்று ஆரம்பிப்பதால் மாணவர்கள் அவருக்கு வைத்த பெயர் ஒருவேளை சார். அக்காவோ வேதத்தில் ஒரு புள்ளிகூடப் பிழையில்லை என்று நம்புகிறவள். டீ நேரத்தில் இருவருக்கும் தினமும் வாக்குவாதம் நடக்கும், பெரும்பாலும் ஒரு தீர்க்கதரிசியை மீன் விழுங்கிய வேதக் கதையை வைத்து.

"மீன் வயித்துக்குள்ள தீர்க்கதரிசி இருந்தாரா, இல்லையா? நேரா சொல்லுங்க சார்."

"ஒருவேளை அந்தக் கேள்வியே தப்போ என்னவோம்மா."

"மீனைக் கேட்டிருந்தா டக்குனு சொல்லியிருக்கும்."

அவர்தான் முதலில் சிரிப்பார்.

தம்பியும் இதே கல்லூரியில் படித்தவன்தான். எபிரேயம் அக்காவிடம், மற்றதெல்லாம் ஒருவேளை சாரிடம். படித்து முடித்துப் போதகராகப் போன இடத்தில், சாகக் கிடந்த ஒரு லாரி டிரைவர் அவன் கையைப் பிடித்துக்கொண்டு, "ஆண்டவர் செத்து எழுந்தது நிஜந்தானே பாஸ்டர்?" என்று கேட்டார். தம்பியின் வாயில் வந்தது "ஒருவேளை". அந்தக் கை தன் கையை விட்டதை அவன் எல்லாக் கூட்டத்திலும் சொல்வான். சொல்லும்போதெல்லாம் அழுவான். கல்லூரியை இரண்டாவது கட்சியிடம் கொடுக்கச் சபைகள் அவனுக்காகக் கை தூக்கியதற்கு அதுவே காரணம்.

4

(இங்கே ஒரு தடங்கல். தம்பியை நான் முதலில் வில்லனாகத்தான் போட்டேன். பதவி ஆசை, தங்கச் சட்டக் கண்ணாடி, மேஜையில் தாளம் போடும் விரல் எல்லாம் கொடுத்தேன். பிறகு அந்த லாரி டிரைவர் வந்து படுத்துக்கொண்டார். அவர் வந்த பிறகு தம்பியை வெறுக்க முடியவில்லை. கண்ணாடியைக் கழற்றி வாங்கிக்கொண்டேன். வில்லன் இல்லாமல் கதை எழுதுவது எனக்குப் பழக்கமில்லை. பொறுத்துக்கொள்ளுங்கள்.)

இன்னதை நம்புகிறேன் என்று உறுதி சொல்லும் புதிய விசுவாச அறிக்கை, தம்பியின் கட்சிக்காரர்கள் மேஜையைச் சுற்றி உட்கார்ந்திருக்க, அக்கா வீட்டுச் சமையலறையில் உருவானது. கல்லூரியில் பாடம் எடுக்கிற எல்லோரும் இனி அதில் கையெழுத்துப் போட வேண்டும். முந்தைய நிர்வாகத்திலும் ஓர் அறிக்கை இருந்தது. 'உங்க மனசுப்படி அர்த்தம் பண்ணிக்கிட்டுப் போடுங்க' என்று நீட்டுவார்கள், போடுவார்கள். "இந்தத் தடவை அந்த ஓட்டை இருக்கக் கூடாது" என்றான் தம்பி. ஓட்டையை அடைக்கும் வாக்கியம் யாருக்கும் வரவில்லை. அடுப்படியில் நின்றிருந்த அக்கா திரும்பாமலேயே சொன்னாள்: "காலத்தின் பெயரைச் சொல்லி எந்த வசனத்தையும் தள்ளிவைக்க மாட்டேன்."

"அக்கா! அப்படியே போடு!" என்று தம்பி மேஜையைத் தட்டினான்.

அன்று இருவரும் சேர்ந்து ஜெபித்தார்கள். இருவருக்கும் அதற்கு முன்னும் பின்னும் அப்படி ஒரு ஜெபம் வாய்க்கவில்லை. தம்பி முதல்வரானான். முதல் கையெழுத்து அக்காவுடையது. ஒருவேளை சார் பேனாவை மூடி மேஜையில் வைத்துவிட்டுப் போனார்.

5

"உட்காருக்கா."

"நின்னுக்கிட்டே கேட்டுக்கிறேன். நீ உட்காரச் சொன்னாலே ஏதோ வில்லங்கம்."

முதல்வர் அறை. தம்பியின் தலைக்குப் பின்னால் அறிக்கை சட்டம் போட்டு மாட்டியிருந்தது.

"ஆட்சிமன்றக் குழுவுல பேச்சு வந்திருக்கு. சபையில ஆம்பளைங்களுக்குப் பொம்பளை உபதேசம் பண்ணக் கூடாதுன்னு வேதத்துல பவுல் எழுதியிருக்காரே, அதை வச்சு."

"இது சபை இல்லடா. காலேஜ்."

"சபைக்குப் போதகர் தயாராகிற இடம். கோடு எங்க போடணும்னு நீயே சொல்லு, போட்டுடறேன்."

அக்கா யோசித்தாள். பிறகு வேகமாக, "பவுல் அந்த ஊர்ல, அந்தக் காலத்துல, அங்க இருந்த பொம்பளைங்களுக்கு..." என்று ஆரம்பித்தாள்.

அப்படியே நின்றாள். அவளுடைய வாக்கியம் எதிர்ச் சுவரில் இருந்தது. தம்பி திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் அவளுக்குக் கோபமாவது வந்திருக்கும்.

"சொல்லுக்கா" என்றான் அவன் மெதுவாக. "நீ முழுசா சொல்லு. நான் போய் குழுவுல சண்டை போடறேன்."

அவன் கெஞ்சுகிறான் என்று அவளுக்குப் புரிந்தது.

"முடியலடா."

ஒரு சமரசத்தை அவன் முன்பே வாங்கி வைத்திருந்தான். எபிரேயம் மொழிதானே, உபதேசம் இல்லையே. வாசிப்பும் இலக்கணமும் அக்கா எடுக்கலாம். வசனத்துக்கு அர்த்தம் சொல்லக் கூடாது. அர்த்தம் சொல்ல வகுப்பில் ஓர் ஆண் உட்கார்ந்திருப்பான்.

"யாரு அந்த ஆம்பளை?"

"ஒருவேளை சார் போன பிறகு, எபிரேயம் தெரிஞ்ச ஆம்பளை இங்க நான் ஒருத்தன்தான்."

"உனக்கு யாருடா சொல்லிக்குடுத்தா?"

"நீதான்."

இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சின்ன வயதில் சாப்பாட்டு ஜெபத்தின்போது வருமே, அடக்க அடக்கப் பொங்கும் சிரிப்பு. அது அடங்கியபோது இருவரும் எதிரெதிர்ச் சுவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

(மருத்துவமனைப் பெண்மணியை வகுப்பிலிருந்து முழுதாக எடுத்துவிட்டார்கள். எனக்கு மனசு வராமல்தான் பாதியை அக்காவுக்கு விட்டுவைத்தேன். அது இன்னும் கொடுமை என்று எழுதிய பிறகுதான் தெரிந்தது.)

6

ஒருவேளை சார் வீட்டில் புத்தகங்களை அட்டைப்பெட்டிகளில் அடுக்கிக்கொண்டிருந்தார். அக்கா போய் நின்றாள். பழக்கதோஷம், சண்டை போட வேறு யாரும் இல்லை.

"வாம்மா. உன் பக்கம் ஜெயிச்சும் உன் முகம் ஏன் இப்படி இருக்கு?"

சொன்னாள். அவர் ஒரு பெட்டியின்மேல் உட்கார்ந்தார்.

"அந்த வசனத்துக்கு என் விளக்கம் உனக்கு மனப்பாடம். எத்தனை தடவை என்கூட மல்லுக்கு நின்னிருக்க! எடுத்துக்கோ. குழுவுல போய்ச் சொல்லு. நான் குடுத்தேன்னுகூட சொல்ல வேண்டாம்."

"எடுத்தா வகுப்பு கிடைக்கும் சார். அந்த வகுப்புக்குள்ள போய், எதை நம்பி வாசிப்பேன்?"

"நீ இல்லாத அந்த வகுப்பு பாழ்" என்றார் அவர்.

"நீங்க 'ஒருவேளை' சொல்லல சார்."

"தெரியும்." அவர் ஒட்டும் டேப்பைக் கையில் சுற்றிக்கொண்டே இருந்தார். "உன்னை மாதிரி ஒரே ஒரு நாள் நம்பிப் பாக்கணும்னு எனக்கு ரொம்ப ஆசைம்மா. உன் வகுப்புல வாசிப்பு கேட்கும் பாரு, பக்கத்து அறையில ஜன்னலைச் சாத்துவாங்களே... நான் மட்டும் திறந்து வைப்பேன்."

அக்கா கூட நின்று பெட்டிகளைக் கட்டினாள். இருவரும் அதற்குமேல் வேதத்தைப் பற்றிப் பேசவில்லை. மீனைப் பற்றியும் பேசவில்லை.

7

முடிவுகள். என்னிடம் கைவசம் இருப்பவை:

(அ) தம்பி குழுவின் முன் எழுந்து ராஜினாமாவை வீசுகிறான். வார இதழுக்குக் கச்சிதம். ஆனால் அவன் போனால் லாரி டிரைவருக்கு யார் பதில் சொல்வது? அந்தக் கையை இரண்டாம் முறையும் நழுவ விட அவன் சம்மதிக்க மாட்டான். எழுதிப் பார்த்தேன். பேனா வழுக்கியது.

(ஆ) அக்கா வெளியேறி, பெண்களுக்கென்று தனிக் கல்லூரி தொடங்கி, ஓஹோவென்று வருகிறாள். படம் போடுகிற ஓவியருக்குப் பிடிக்கும். அக்காவிடம் கேட்டேன். "எனக்குக் கல்லூரி வேணாம். என் வகுப்புதான் வேணும்" என்கிறாள்.

(இ) அக்காவின் நம்பிக்கை மாறுகிறது. ஒருவேளை சார் ஜெயிக்கிறார். இதைப் பாதி எழுதியபோது அவரே

(அடித்துவிட்டேன். அவர் ஜெயிக்க விரும்பவில்லை.)

என் சங்கடம் என்னவென்றால், ஒரே வரியில் நான் அவளுக்கு வகுப்பைக் கொடுத்துவிடலாம். செத்துப்போனவர்களையே தொடர்கதையின் முப்பதாவது வாரத்தில் திரும்ப நடக்க வைத்திருக்கிறேன். ஆனால் வகுப்பைக் கொடுத்தால் அவளுடைய வாக்கியத்தைப் பிடுங்க வேண்டும். வாக்கியத்தை விட்டுவைத்தால் வகுப்பைப் பிடுங்க வேண்டும். அவளுக்கு இரண்டும் வேண்டும். அதோடு தம்பியும் வேண்டும். அப்படி ஒரு காகிதம் என்னிடம் இல்லை.

8

ஆகவே வகுப்புக்குப் போவோம். புது ஏற்பாட்டின் முதல் நாள். அக்கா கரும்பலகையின் முன்னால். தம்பி கடைசி வரிசையில், முதல்வர் என்பதை மறந்து மாணவன் மாதிரி முழங்கையை ஊன்றி உட்கார்ந்திருக்கிறான்.

அன்றைய பாடம், 'எதுவரைக்கும்' என்று ஆண்டவரைத் திரும்பத் திரும்பக் கேட்கும் ஒரு சங்கீதம். எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர், எதுவரைக்கும் முகத்தைத் திருப்பிக்கொள்வீர் என்று கேட்டுக் கேட்டு, கடைசியில் பாடுகிறவன் சந்தோஷமாகப் பாட ஆரம்பித்துவிடுகிறான். வகுப்பு வாசிக்கத் தொடங்கியது. தடுமாறவில்லை. தொண்டை எழுத்துகூடத் தொண்டையிலிருந்தே வந்தது. அக்கா சாக்பீஸை வைத்துவிட்டு மேஜை ஓரத்தைப் பிடித்துக்கொண்டாள். அந்த நாள் இன்றைக்கா வர வேண்டும்?

வாசித்து முடித்ததும் நடு வரிசையிலிருந்து ஒருவர் கை தூக்கினார். தச்சு வேலையை விட்டுவிட்டுப் போதகர் படிப்புக்கு வந்தவர், இரண்டு பிள்ளைக்குத் தகப்பன்.

"டீச்சர், ஒரு சந்தேகம். இவர் 'எதுவரைக்கும், எதுவரைக்கும்'னு கேக்குறாரு. கடைசியில பாட்டுப் பாடுறாரு. நடுவுல ஆண்டவர் பதில் சொன்னாரா, சொல்லலையா? பதில் எங்கயும் எழுதலையே?"

இது இலக்கணம் இல்லை. அர்த்தம்.

அக்கா கடைசி வரிசைப் பக்கம் திரும்பினாள். தம்பியைப் பார்த்தாள். தம்பி எழுந்தான். அவனுக்குப் பதில் தெரியும். இதே அறையில், இதே கேள்வியை, முன்வரிசையில் உட்கார்ந்து அவன் கேட்டிருக்கிறான். அக்கா சொன்ன பதிலில்தான், அந்த லாரி டிரைவருக்குப் பிறகு வந்த நாட்களை அவன் கடந்தான். அந்தப் பதிலை இப்போது அவன் சொன்னால் அது அவனுடையதாகிவிடும். அவளைச் சொல்லச் சொன்னால் சுவரில் மாட்டியது வெறும் மரச்சட்டமாகிவிடும்.

அவன் நின்றுகொண்டே இருக்கிறான். அவள் பார்த்துக்கொண்டே இருக்கிறாள். நான் இதற்கு மேல் எழுதப் போவதில்லை. இரண்டு பேரில் யாரைப் பேச வைக்கிறீர்களோ வையுங்கள். ஆனால் மற்றவரிடம் போய் அதற்கான காரணத்தையும் நீங்களே சொல்லிவிட்டு வாருங்கள். என்னால் அந்த முகத்தைப் பார்க்க முடியாது.

தச்சருக்கு இதெல்லாம் தெரியாது. அவர் நோட்டைத் திறந்து, பேனாவை வைத்துக்கொண்டு, முன்னாலும் பின்னாலும் மாறி மாறித் திரும்பிப் பார்க்கிறார்.

"யாராவது சொல்லுங்களேன். எழுதிக்கணும்."