பெருநாள் மிச்சத்தில் ஒரு கேக்

உடைந்த முந்திரியையும் ஒட்டிப்போன திராட்சையையும் முறத்தில் கொட்டி நசீமா எறும்பு பொறுக்கிக்கொண்டிருந்தபோது, அண்ணன் மனைவி முன்னி பேகம் அடுப்படி வாசலில் வந்து நின்றாள். முறத்தைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்கே நசீமாவின் கை நின்றுவிட்டது. ரம்ஜான் முடிந்து மூன்று நாள் ஆகியிருந்தது. பெருநாள் பாயசத்துக்கு வாங்கியதில் மிஞ்சியது இவ்வளவுதான்: இந்த முந்திரி, திராட்சை, ஒரு பிடி சாரைப்பருப்பு, காய்ந்து கல்லான பேரீச்சை, டப்பா அடியில் கொஞ்சம் நெய். "எடுத்துக்க, எடுத்துக்க. எறும்பு தின்னறத உம் பொண்ணு தின்னுட்டுப் போவட்டும்" என்றாள் முன்னி பேகம். கொடுக்கும்போதே கிள்ளியும் வைக்கிற கை அவளுக்கு. நசீமா பேச்சை வாங்கிக்கொண்டு மறுபடி எறும்பு பொறுக்கினாள். அந்த வீட்டில் அவள் சாப்பிடுகிற சோற்றுக்கு இரண்டு வருஷமாக அதுதான் விலை.

இரண்டு வருஷத்துக்கு முன்னால்தான் மதார் சாகிப் அவளைத் தள்ளிவைத்தான். கீழ்பென்னாத்தூரில் மணிலாக்கொட்டை வியாபாரம் அவனுக்கு. ஐந்து வயது சாயிரா பானுவைத் தன்னிடமே வைத்துக்கொண்டான். ஆறே மாதத்தில் வேறொருத்தியையும் கட்டிக்கொண்டான். நசீமாவின் அண்ணன் நடையாய் நடந்து, எண்பத்தொன்றாம் வருஷத்து ரம்ஜானுக்குத்தான் ஜமாத்துப் பெரியவர்கள் ஒரு வழி சொன்னார்கள். பெருநாள் கழித்து ஒரு பகல் பிள்ளையைத் தாயிடம் கொண்டுவந்து விட வேண்டும். இங்கேயே இருக்கிறேன் என்று அது தன் வாயால் சொன்னால் தாயிடமே இருக்கட்டும். ஏழு வயசுப் பிள்ளையின் தலையில் தீர்ப்பைத் தூக்கி வைத்துவிட்டு, பெரியவர்கள் டீ குடிக்கப் போய்விட்டார்கள்.

ஒரு பகலில் என்ன செய்ய முடியும்? நசீமாவுக்குத் தோன்றியதெல்லாம் கேக் ஒன்றுதான். மூன்று வயதில் வேலூர் பஸ் ஸ்டாண்டில் ஒரு துண்டு தின்றுவிட்டு ஒரு மாதம் கேக், கேக் என்று அவளைப் பிய்த்து எடுத்த பிள்ளை அது.

வீட்டில் வேகவைக்க வழியில்லை. ஆனால் அந்தத் தெருவில் ஒரு வழக்கம் உண்டு. காலை ரொட்டி இறங்கிய பிறகும் பேக்கரி அடுப்பில் சூடு மிச்சமிருக்கும். வீட்டுப் பெண்கள் ரவை ரொட்டுப் பலகாரத்துக்கு மாவு பிசைந்து தட்டில் பரப்பி, இன்னார் வீட்டுத் தட்டு என்று தெரிய நடுவில் ஏதாவது பருப்பைப் பதித்து அனுப்புவார்கள். அடுப்பு பார்க்கும் மஸ்தான் பாய் வேகவைத்துக் கொடுப்பார். நசீமா போய்க் கேட்டபோது அவர் அளவும் சொன்னார், ரொட்டி வார்க்கிற நீளத் தகரம் ஒன்றும் தந்தார். பழத்த மாவுல பொரட்டிப் போடு, இல்லாட்டி அடியில உக்காந்துக்கும் என்றும் சொன்னார். அவள் அப்படியே செய்தாள். பேரீச்சையை வெந்நீரில் ஊறவைத்து நறுக்கினாள். முட்டையைத் தோள் கழன்றுபோகிற மாதிரி அடித்தாள். மேலே மூன்று திராட்சை பதித்தாள். பத்து மணிக்குக் கேக் வந்துவிட்டது. நடுவில் கொஞ்சம் வெடித்திருந்தது, ஓரம் ஒரு பக்கம் கருகல். ஆனாலும் கேக். மணத்துக்கு முன்னி பேகத்தின் பிள்ளைகள் இரண்டும் ஓடிவந்தன. நசீமாவுக்கு அன்றைக்கு எல்லார் மேலும் ஆசையாக இருந்தது, முன்னி பேகத்தின் மேலும்கூட.

பதினோரு மணிக்குப் பிள்ளையைக் கொண்டுவந்து விட்ட மதார் சாகிப் படியேறவில்லை. நாலு மணி பஸ்ஸுக்கு வந்துடறேன் என்று பிள்ளையிடம் சொல்லிவிட்டுக் கடைத்தெருப் பக்கம் போய்விட்டான். சாயிரா லேஸ் வைத்த கவுன் போட்டிருந்தாள். கையில் மருதாணி நன்றாகச் சிவந்திருந்தது. விரல் விரலாக, பொறுமையாக யாரோ வைத்துவிட்டிருக்கிறார்கள். நசீமாவுக்கு அது பொறுக்கவில்லை. பிள்ளை கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னது. இரண்டாம் வகுப்பு, டீச்சர் அடிக்க மாட்டாங்க, வீட்டில் ஆடு குட்டி போட்டிருக்கிறது. பெற்றவளை அம்மி என்று மட்டும் கூப்பிடவில்லை. மத்தியானச் சோற்றை நான் சாப்ட்டுதான் வந்தேன் என்று ஒதுக்கிவிட்டது. அப்போதே நசீமாவுக்குப் புரிந்திருக்க வேண்டும். அவளோ, பிள்ளை கேக்குக்கு வயிற்றில் இடம் வைத்திருக்கிறது என்று சந்தோஷப்பட்டாள்.

நடுத்துண்டாகப் பார்த்து வெட்டிக் கொடுத்தாள். சாயிரா வாங்கி மோந்து பார்த்தாள். எச்சில் விழுங்கியது தொண்டையில் தெரிந்தது. பிறகு தட்டிலேயே வைத்துவிட்டாள்.

"வேணாங்க."

"ஏம்மா? உனக்குன்னே செஞ்சதுடா."

பிள்ளை வாசலைப் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னது: "நீங்க குடுக்கறதுல மருந்து இருக்கும்னு வீட்டுல அம்மி சொன்னாங்க. சாப்ட்டா உங்க பின்னாலயே வந்துடுவாங்களாம். அப்பாவையெல்லாம் மறந்துடுவாங்களாம்."

அடுப்படியில் முன்னி பேகம் சிரித்தாள். அவள் வாயில் இருந்ததும் இந்தக் கேக்தான். நசீமா அவசரமாக ஒரு துண்டை எடுத்துத் தின்று காட்டினாள். மருந்து வச்சவங்களுக்கு ஒண்ணும் ஆவாதாம் என்றது பிள்ளை. மாமா பிள்ளைங்க ரெண்டும் தின்னுச்சே என்று கேட்டாள். அவங்க இங்கயேதான இருக்காங்க என்றது. ஏழு வயசு மூளைக்கு இவ்வளவு பாடம் சொல்லிக்கொடுக்க எத்தனை நாள் உட்கார்ந்தாளோ அந்தப் புண்ணியவதி.

மூன்றரை ஆகியும் சாயிராவின் கண் தட்டை விட்டு நகரவில்லை. கடைசியில் அவளே கேட்டாள்.

"நாய்க்குப் போட்டுப் பாக்கலாமா? அதுக்கு ஒண்ணும் ஆவலன்னா நான் சாப்புடறேன்."

"சாப்புட்டுட்டு எங்கூட இருக்கறியா கண்ணு?"

பிள்ளை வாசலைப் பார்த்தது, மறுபடி தட்டைப் பார்த்தது. பிறகு, "ம்" என்றது.

நசீமா மிச்சக் கேக்கைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு ஓடினாள் என்றே சொல்ல வேண்டும். சாக்கடை ஓரத்தில் ஒரு செவலை நாய் படுத்திருந்தது. ஒரு துண்டு போட்டாள். தின்றது. இன்னொன்று போட்டாள். பிள்ளை ஒட்டி நின்று, அவளுடைய புடவையைப் பிடித்துக்கொண்டு பார்த்தது. இரண்டு வருஷத்தில் அந்தக் கை அவளைத் தொட்டது அப்போதுதான்.

நாய் மண்ணையும் நக்கி முடித்தது. நிமிர்ந்தது. வாலை ஆட்டிக்கொண்டு நசீமாவிடம் வந்தது. நாயின் ஈர மூக்கு பட்டால் அந்தப் புடவையோடு தொழ முடியாது. அந்தப் பழக்கத்தில் அவள் புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பின்வாங்கினாள். நாயும் வந்தது. அவள் அந்தப் பக்கம் நகர்ந்தாள். அந்தப் பக்கமும் வந்தது.

புடவையைப் பிடித்திருந்த கை எப்போதோ விட்டுவிட்டிருந்தது. சாயிரா எதிர்ச் சுவரோடு ஒட்டி நின்று நாயையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தாள். தெருமுனையில் மதார் சாகிப் தெரிந்ததும், அப்பா, அப்பா என்று கத்திக்கொண்டு, செருப்பு ஒன்று கழன்று விழுந்ததைக்கூடப் பார்க்காமல் ஓடினாள்.

நசீமா குனிந்து கல்லை எடுத்து வீசினாள். நாய் நாலடி தள்ளிப் போய் நின்றது. பிறகு காதை மடக்கிக்கொண்டு மறுபடி அவளிடமே வந்தது.