கிளட்சுக்கு எட்டாத கால்

காருக்குக் கிளட்ச் தட்டு மாற்றிய அன்று சாயங்காலம் சர்வேயர் இரண்டு விரற்கடை குள்ளமாகிப்போனார். வலி எதுவும் இல்லை. வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டப் போனபோது ஆணி கொஞ்சம் உயரத்தில் இருந்தது, அவ்வளவுதான். அதே சாயங்காலம் மெக்கானிக் தன் ஷெட்டைப் பூட்டும்போது ஷட்டரில் நெற்றியை இடித்துக்கொண்டார். வருஷக்கணக்காக அதே ஷட்டருக்குக் கீழே நிமிர்ந்து போய்வந்த மனிதர். இரண்டுக்கும் சம்பந்தம் இருக்கும் என்று தெருவில் யாருக்கும் தோன்றவில்லை. பழைய கார் வைத்திருப்பவனிடம் ஏதாவது குறைவதும், அவனுடைய மெக்கானிக்கிடம் அது கூடுவதும் ஒரு செய்தியா என்ன.

கார் சிவப்பு நிறம். இரண்டே இருக்கை, திறந்த மேல்பாகம், கிட்டத்தட்ட சர்வேயரின் வயது. புது ஸ்கூட்டர் விலைக்கு முடிந்தது. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்று முதலில் சொன்னவர் நிச்சயம் ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்கியவராகத்தான் இருக்க வேண்டும். வெயிலில் மனை மனையாக டேப் பிடித்து நடக்கும் சர்வேயருக்கு வாழ்க்கையில் ஒரே ஆசை. கடலோரச் சாலையின் அந்த நீண்ட வளைவில், தானே கியர் மாற்றி, இந்தக் காரை ஓட்டிப் போக வேண்டும். கார் அதுவரை போன அதிகபட்ச தூரம் வீட்டிலிருந்து ஷெட் வரை, அதுவும் கயிறு கட்டி. இழுத்துப் போனது அவர் மனைவியின் வேன். அவள் பள்ளிகளுக்குச் சீருடை தைத்துக் கொடுப்பவள். தைத்த மூட்டைகளை வேனில் ஏற்றித் தானே ஓட்டிக்கொண்டு போய் இறக்குவாள். அந்த வேன் ஒரு நாளும் நின்றதில்லை. அதனால் அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

மெக்கானிக்குக்கு ஊரில் 'பார்க்கலாம்' என்று பெயர். எப்போது முடியும், எவ்வளவு ஆகும், இந்தச் சத்தம் நிற்குமா, எதைக் கேட்டாலும் அவர் சொல்லும் பதில் அதுதான். ரேடியேட்டருக்குச் சர்வேயரின் உயரத்தில் ஒரு விரற்கடை போனது. பிரேக்குக்கு இரண்டு. நின்ற இடத்திலேயே வெடிப்பு விட்ட நான்கு டயர்களுக்கு நான்கு. கார்புரேட்டர் கப்பலில் வர வேண்டியிருந்ததால் அரைச் சாண். இன்ஷூரன்ஸ் மட்டும் நியாயமானது. கார் ஓடினாலும் ஓடாவிட்டாலும் வருஷத்துக்கு ஒரு நகக்கண்.

சர்வேயர் இதை நம்பவில்லை. கதவு நிலையில் சாய்ந்து நின்று தன் இரும்பு டேப்பால் தன்னையே அளந்தார், குறைவாகக் காட்டியது. டேப் வெயிலில் நீண்டுவிட்டது என்று முடிவு செய்தார். நீண்ட டேப் எதையும் குறைத்துத்தான் காட்டும், அது அந்தத் தொழிலில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். எனவே அந்த வருஷம் அவர் அளந்த ஒவ்வொரு மனைக்கும், தன்னிடம் குறைந்த விகிதத்தைக் கணக்குப் போட்டுக் கூட்டிக் கொடுத்தார். வேலிகள் எல்லாம் அடுத்தவன் நிலத்துக்குள் நடந்து போயின. ஒருவர் வீட்டு மாடிப்படி பக்கத்து வீட்டுச் சமையலறையில் போய் இறங்கியது. இரண்டு குடும்பங்கள் வெட்டுப்பழி குத்துப்பழியாகி, பிறகு அந்தப் படி வழியாகவே சம்பந்தம் செய்துகொண்டன. அலுவலகம் சர்வேயருக்குப் புது டேப் கொடுத்தது. அதுவும் நீண்டுவிட்டது என்றார்.

"என்னங்க, போன மாசம் மடிச்சு அடிச்ச பேண்ட்டு மறுபடியும் தரையைப் பெருக்குது," என்றாள் மனைவி.

"துணி நீளுது போல."

"டேப்பும் நீளுது, துணியும் நீளுது. நீங்க மட்டும் அப்படியே இருக்கீங்க."

அவளுடைய அண்ணன் வந்தபோதெல்லாம் காரை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, "யானையைக் கட்டித் தீனி போடுறவன்கூட ஒரு தடவை அது மேல ஏறிப் பார்த்திருப்பான் மாப்பிள்ளை," என்று சொல்லிவிட்டுப் போனார். மனைவி மடித்து அடிப்பதை நிறுத்திவிட்டு, மூட்டையிலிருந்து பத்தாம் வகுப்புச் சீருடையை எடுத்துக் கொடுத்தாள். அடுத்த வருஷம் ஏழாம் வகுப்பு. கியர்பாக்ஸைப் பிரித்த பிறகு நான்காம் வகுப்பு, அதுவும் கொஞ்சம் தொளதொளவென்று. மெக்கானிக் ஷெட்டின் கூரையைப் பிரித்து உயர்த்திக் கட்டியிருந்தார். அவர் 'பார்க்கலாம்' என்று சொல்வது இப்போது மேலேயிருந்து அசரீரி மாதிரி கேட்டது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை கார் தயாராகிவிட்டது. எல்லாம் புதுசு. சாவியைத் திருப்பியதும் தூங்கி எழுந்த புலி மாதிரி உறுமியது. சர்வேயர் ஏறி உட்கார்ந்து காலை நீட்டினார். கால் கிளட்சுக்கு ஒரு சாண் மேலே தொங்கியது.

"பெடல் மேல ஒரு கட்டை வெச்சு வெல்டு பண்ணிரலாம் சார்," என்றது மேலேயிருந்து குரல்.

"எவ்வளவு ஆகும்?"

"ஒரு சாண் கட்டை. பார்க்கலாம்."

ஒரு சாண் கட்டைக்கு ஒரு சாண் போகும், பிறகும் எட்டாது. இத்தனை வருஷத்தில் முதல் முறையாக அவர் கணக்கு சரியாக வந்தது. வித்துட்டா உயரம் திரும்ப வருமா என்று கேட்டார்.

"பழைய கார்ல போட்டது திரும்பி வந்ததா எங்கயாவது கேள்விப்பட்டிருக்கீங்களா சார்?" அன்றைக்கு மட்டும் மெக்கானிக் நேரான பதில் சொன்னார்.

சர்வேயர் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தார். பிடித்த கைகள் இரண்டும் அவர் கண்ணுக்கு மேலே இருந்தன. வழக்கம்போல் இழுத்துப் போக வேனும் கயிறுமாக வந்திருந்த மனைவி கொஞ்ச நேரம் அதைப் பார்த்தாள். கயிற்றைச் சுருட்டி வேனுக்குள் போட்டாள். கதவைத் திறந்தாள்.

"தள்ளி உக்காருங்க."

"நான்தான் ஓட்டணும்னு..."

"தெரியும். தள்ளுங்க."

கார் கடலோரச் சாலையில் ஏறியது. வளைவு வந்தது. அவர் இருக்கையில் ஏறி நின்று முன்கண்ணாடியின் மேல்விளிம்பைப் பிடித்துக்கொண்டார். முகத்தில் காற்று அறைந்தது. இந்தச் சாலையில் எத்தனையோ தடவை அளவுச் சங்கிலி பிடித்து அளந்திருக்கிறார். அப்போதெல்லாம் கண் எல்லைக் கல்லில்தான் இருந்தது.

"எப்ப கியர் மாத்தணும், சொல்லுங்க," என்றாள் மனைவி. வேன் ஓட்டும் கைக்கு அதைச் சொல்லித் தர வேண்டியதில்லை.

அவர் இன்ஜினின் சத்தத்தை உற்றுக் கேட்டார். "இரு... இரு... இப்ப."

கியர் வழுக்கிக்கொண்டு விழுந்தது. கார் வளைவுக்குள் சாய்ந்து போனது.

இப்போது ஒவ்வொரு ஞாயிறும் போகிறார்கள். அந்தச் சாலையில் வழக்கமாக நடப்பவர்கள் கையசைக்கிறார்கள். புதிதாக வருபவர்கள், அந்தம்மா ஒரு சின்னப் பையனுக்கு மீசை ஒட்டிக் கூட்டிப் போகிறாள் என்று நினைத்துக்கொள்கிறார்கள். இந்த மாதம் ஆயில் மாற்றினார்கள். அவர் இருக்கையில் மனைவி இன்னொரு தலையணை போட்டிருக்கிறாள். கார் நன்றாக ஓடுகிறது.