துடுப்பக்காவை இரண்டு தரம் படமெடுத்த கதை

1

இந்தக் கதை எக்ஸ்ரே அறை வாசலில், கால் ஆடும் ஒரு நாற்காலியில் பிறந்தது. உட்கார்ந்திருந்தது நான். படமெடுத்துக்கொள்ள வந்தவள் என் அக்கா. ஓய்வு பெற்ற நீச்சல் பயிற்சியாளர், ஊருக்கெல்லாம் துடுப்பக்கா. செயற்கை இடுப்பு மூட்டு தளர்ந்துபோக, போன வருஷம் அதைக் கழற்றிவிட்டுப் புதிது வைத்தார்கள். அப்போதே பக்கத்து எலும்பில் கடுகைவிடச் சிறிய உலோக மணிகளையும் பதித்துவிட்டார்கள். மணிகள் அசையா. மூட்டு அவற்றைவிட்டு விலகியிருக்கிறதா என்று இன்று அளப்பார்கள். விலகியிருந்தால் மறுபடி ஆபரேஷன்.

"இன்னொரு தடவைன்னா நான் வரமாட்டேன்டா. நீ போய்ப் படுத்துக்க" என்றாள் அக்கா.

2

(முதல் வரைவு)

இயந்திரம் யானைபோல் பிளிறியது. டெக்னீஷியன் பெண் வெளிறிப்போய் ஓடிவந்தாள். (வெளிறவில்லை. பிஸ்கட் தின்றுகொண்டு வந்தாள்.) "கொஞ்சம் நடந்துட்டு வந்து மறுபடி படுங்கம்மா, இன்னொரு படம்" என்றாள். அக்கா மயங்கிச் சரிய, நான் பாய்ந்து தாங்க, கட்டடமே

வேண்டாம், இந்த வாக்கியத்தை விட்டுவிடுகிறேன். அக்கா மயங்குகிற பிறவியே இல்லை.

3

(அதே இடம், அதே ஆட்கள், மறுபடியும்)

வராந்தாவுக்கு வந்த அக்கா என் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

"எதுக்கும்மா இன்னொண்ணு? நகந்துடுச்சா?" என்று டெக்னீஷியன் பெண்ணைக் கேட்டாள்.

"ஐயோ, இல்லம்மா! எல்லாருக்கும் ரெண்டு எடுப்போம். அதுக்குள்ள மூட்டு எங்கயும் போயிடாது. அப்படியும் ரெண்டு படத்துக்கும் அளவு வித்தியாசப்பட்டா, அது எங்க பிழை. சோதனை எங்களுக்குத்தான்."

"பரீட்சை உனக்கா? முன்னாடியே சொல்றதுக்கென்ன! பயத்துல இவன் தோளைப் பிச்சிருப்பேன். பாஸ் பண்ணிடுவியா?"

"படுங்கம்மா, பாத்துடலாம்."

[அடிக்குறிப்பு: இரண்டாம் பகுதிக்கும் மூன்றாம் பகுதிக்கும் உள்ள தூரமே என் பிழை. யானையையும் கட்டடத்தையும் வாசகர் கழித்துக்கொள்ளவும்.]

4

சோக முடிவு ஒன்றும் கைவசம் இருந்தது. டாக்டர் அதைக் கெடுத்துவிட்டார்.

"வச்ச புதுசுல ஒரு மயிரிழை அமுங்குச்சும்மா, அது எதிர்பார்த்ததுதான். அதுக்கப்புறம் தெரியுற வித்தியாசம் எங்க பிழைக்குள்ளயே அடங்கிடுது."

"தமிழ்ல சொல்லுங்க டாக்டர்."

"கெட்டியா உக்காந்திருக்கு. ஆபரேஷன் வேண்டாம். நீந்தப் போங்க."

அக்கா இரண்டு விரலை வாய்க்குள் விட்டு, அந்த அறையிலேயே ஒரு விசில் அடித்தாள்.

எவ்வளவு தூரம் கேட்டது? நான் சொன்னால் கடல் தாண்டிவிடும். அதனால் பேனாவை மூடிவிட்டேன். டாக்டர் காதைப் பொத்திக்கொண்டாரா, கூடச் சேர்ந்து அடித்தாரா என்பது இனி உங்கள் பாடு.